கதகதப்பான ஒரு நிறத்தை வீட்டுக்குள் கொண்டுவர

முதல் தடவை ஒரு சுவருக்கு ஆரஞ்சு அடித்தபோது, ஷேடு கார்டில் இருந்த நகம் அளவு சதுரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். கார்டில் அது சாயங்கால வெயில் மாதிரி இருந்தது. சுவரில் ஏறியதும் பகலில் அறையே தகதகவென்று எரிந்தது. ராத்திரி குழல்விளக்கைப் போட்டால் அதே சுவர் பழுப்பேறிச் சோர்ந்து கிடந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வெள்ளை அடித்தேன். அந்த ஷேடைக் குறை சொல்ல முடியாது. அதே ஷேடில் ஒரு மர நாற்காலி இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். சுவரில் நின்றபோது இல்லாத அளவும் வெளிச்சமும் நாற்காலிக்கு அமைந்துவிட்டன.

அதனால் இந்த வழிகாட்டியைக் கடைக்குப் போவதில் தொடங்காமல், வீட்டிலேயே உட்கார்ந்து வெளிச்சத்தைக் கவனிப்பதில் தொடங்குகிறேன். சுவர் கடைசியில்தான் வரும். நடுவில் குஷனும் விரிப்பும் விளக்கும் வரும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் குடும்பத்தில் செங்கல், காவி, செம்பு, துரு, அரக்கு என்று எந்த நிறத்தை எடுத்தாலும் வரிசை இதுதான்.

முதல் நாள்: வெளிச்சத்தைப் பார்ப்பது

வீட்டில் இருக்கும் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நிறம் சேர்க்க நினைக்கும் அறைக்குக் காலையில், நண்பகலில், சாயங்காலத்தில், விளக்கேற்றிய பிறகு என்று நான்கு முறை போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கையில் ஒரு சிவப்புத் துணியோ ஆரஞ்சு அட்டையோ இருந்தால் போதும். அதை ஜன்னல் ஓரம், எதிர்ச்சுவர், மூலை என்று மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். ஒரே துணி நான்கு துணியாகத் தெரியும்.

நேர்வெயில் விழாத அறைக்குள் வருவது வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம். அங்கே மஞ்சளில் லேசாகப் பச்சை தட்டும், சிவப்பு மங்கும். மாலை வெயில் வரும் அறையில் இந்தக் குடும்பத்து நிறங்கள் எல்லாமே ஒரு படி ஏறித் தெரியும். அங்கே ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை வைத்தால் சாயங்காலத்தில் திகட்டும். ஜன்னலுக்கு வெளியே மரம் அடர்ந்திருந்தால், இலையில் பட்டு வரும் பச்சை ஒளி சிவப்பை மந்தமாக்கிவிடும். இதை எந்த ஷேடு கார்டும் சொல்லாது.

அந்தி நேரத்தைத் தவறவிடாதீர்கள். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் அடங்குவது சிவப்புதான். நீலமும் பச்சையும் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு கறுத்துப்போகும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் இதைச் சொல்கிறார்கள். மங்கலில் வேலை செய்யும் கண்ணின் செல்கள் சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட உணர்வதில்லை என்பது காரணம். விளக்குப் போடாமல் அந்தியில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அடர்சிவப்பை விட மஞ்சள் பக்கம் சாய்ந்த காவியோ ஆரஞ்சோ அந்த அறையில் நன்றாகத் தாங்கும்.

அடுத்தது பல்பு. பெயிண்டுக்கு முன்னால் பல்பை மாற்றுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 2700 முதல் 3000 வரை என்றால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். 4000 நடுநிலை. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. கதகதப்பான நிறங்களின் உயிரை உறிஞ்சுவது இதுதான். அதே டப்பாவில் சிஆர்ஐ என்று இன்னோர் எண் இருக்கும்: அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு. 80 சாதாரணம், 90க்கு மேல் நல்லது. ஆனால் அந்த எண் எட்டு மென்நிறங்களின் சராசரி மட்டும்தான். அடர்சிவப்பு அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆர்9 என்று அதைத் தனியாகச் சொல்வார்கள். சிஆர்ஐ 80 உள்ள எல்இடி பல்பின் கீழே சிவப்பு விரிப்பு செத்துத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டப்பாவில் ஆர்9 போட்டிருந்தால் பாருங்கள். இல்லையென்றால் சிஆர்ஐ 90க்கு மேல் இருப்பதை வாங்குங்கள்.

எந்தப் பக்கம் சாய்கிறது?

சிவப்பு என்று சொன்னால் போதாது. எல்லாச் சிவப்பும் ஒன்று மஞ்சள் பக்கம் சாயும், இல்லை நீலம் பக்கம் சாயும். செங்கல், துரு, செம்பு எல்லாம் மஞ்சள் பக்கம். அரக்கு நீலப் பக்கம். தனியாகப் பார்த்தால் இந்தச் சாய்வு பிடிபடாது. இரண்டு மூன்று சிவப்புகளை வெள்ளைத் தாளின் மேல் அக்கம்பக்கமாக வையுங்கள், உடனே தெரியும்.

சாய்வைத் தெரிந்துகொள்வது எதற்கு என்றால், உங்கள் அறையில் ஏற்கெனவே நிறம் இருக்கிறது. தரை, கதவு, மேசை, கட்டில்: மரம் இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சோ பழுப்போ இருக்கிறது. அதை யாரும் நிறம் என்று கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் புது நிறத்தோடு முதலில் மோதுவது அதுதான். ஆரஞ்சு கலந்த மரத்தின் பக்கத்தில் அதே வலுவில் ஆரஞ்சு வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மழுங்கடிக்கும். அந்த இடத்தில் ஒரு படி அடர்ந்த துருச்சிவப்பை வையுங்கள், மரமும் அழகாகத் தெரியும், நிறமும் எடுக்கும். மாதிரித் துணியை மேசை மேலேயே போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை முறையாக ஆராய்ந்தவர் ஒரு வேதியியலாளர். பாரிசின் கோப்ளன் நெசவுக்கூடத்தில் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரெல் என்பவரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் கோளாறே இல்லை. அந்தக் கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. 1839இல் அவர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆரஞ்சு இன்னும் பளிச்சென்று தெரிய வேண்டுமா, பக்கத்தில் சாம்பல் கலந்த நீலம் ஒன்றை வையுங்கள். சிவப்பு எடுக்க வேண்டுமா, மங்கிய பச்சையை வையுங்கள். நிறத்தைக் கூட்டாமலே அது கூடும். அடக்க வேண்டும் என்றால் பழுப்போ காவியோ பக்கத்தில் இருக்கட்டும்.

வெள்ளையிலும் சாய்வு உண்டு. நீலம் கலந்த பளீர் வெள்ளைச் சுவரின் முன் செங்கல் நிறம் அழுக்கு மாதிரி தெரியும். லேசாக மஞ்சள் கலந்த, பாலாடை போன்ற வெள்ளையின் முன் அதே செங்கல் நிறம் அமைதியாக உட்காரும்.

எவ்வளவு?

வீட்டு அலங்காரம் செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு 60, 30, 10. அறையில் கண்ணுக்குத் தெரிவதில் 60 பங்கு ஒரு அமைதியான நிறம், 30 பங்கு அதற்குத் துணையான நிறம், மீதி 10 பங்கு எடுப்பான நிறம். கணக்கு சரிதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்தை விட ஐந்தில் தொடங்குவது நல்லது என்பேன். கதகதப்பான நிறங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் குணம் உடையவை. கொஞ்சம் இருந்தாலே நிறைய இருப்பது போலத் தோன்றும்.

பங்கை எப்படி அளப்பது? அறை வாசலில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் புது நிறம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டால் போதும். பிறகு அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அறையில் வெளிர்வும் அடர்வும் போதவில்லை என்று அர்த்தம். நிறம் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் அந்த அறை சப்பென்றுதான் இருக்கும். அப்போது இன்னொரு நிறத்தைத் தேடாமல், நன்றாகக் கறுத்த பொருள் ஒன்றையும் நன்றாக வெளுத்த பொருள் ஒன்றையும் சேருங்கள். ஒரு கறுப்புச் சட்டம் போட்ட படமே பல நேரம் போதும்.

நகர்த்தக் கூடிய பொருள்கள்

இனிதான் வாங்குவது, அல்லது வீட்டில் இருப்பதை இடம் மாற்றுவது. ஒரே நிறத்தில் மூன்று பொருள் வேண்டும், மூன்றும் வேறு வேறு உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தரை மட்டத்தில், விரிப்பு மாதிரி. ஒன்று உட்காரும் உயரத்தில், குஷனோ நாற்காலியோ. ஒன்று கண் மட்டத்தில், படமோ விளக்குக் கூடோ அலமாரித் தட்டில் ஒரு ஜாடியோ. மூன்றும் ஒரே மூலையில் குவியாமல் அறைக்குள் முக்கோணமாக நின்றால், கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகும். ஒரே ஒரு சிவப்புக் குஷன் மட்டும் இருந்தால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

மூன்றும் அச்சடித்த மாதிரி ஒரே ஷேடாக இருக்க வேண்டியதில்லை. இருக்கவும் கூடாது. ஒரு துருச்சிவப்பு, அதை விடக் கொஞ்சம் வெளிர்ந்தது, கொஞ்சம் அடர்ந்தது என்று இருந்தால்தான் அறை வாழ்ந்த அறையாகத் தெரியும். துணியின் தன்மையும் இந்த வேலையைச் செய்யும். ஒரே சாயத்தில் நனைத்த வெல்வெட் அடர்ந்து தெரியும், அதன் மயிர்நுனிகள் ஒளியை உள்ளே இழுத்துக்கொள்வதால். பருத்தி வெளிர்ந்து தெரியும். பட்டு பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும்.

திரைச்சீலையில் மட்டும் நிதானம் வேண்டும். கெட்டித் துணி என்றால் கவலை இல்லை. மெல்லிய ஆரஞ்சுத் திரை வழியாகப் பகல் வெளிச்சம் வந்தால் அறை முழுக்க, உங்கள் முகம் உட்பட, ஆரஞ்சாகும். படிக்கும் அறையிலும் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும் அறையிலும் அது வேண்டாம். விளக்குக் கூட்டுக்கு அதே குணம் நன்மை. உள்ளே பல்பு எரியும்போது செம்பு நிறக் கூடு ஒரு மூலையை மட்டும் கதகதப்பாக்கும், அணைத்தால் அடங்கிவிடும். அறையில் அதுவே ஒரே விளக்காக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த மூன்று பொருள்களோடு குறைந்தது இரண்டு வாரம் இருந்து பாருங்கள். காலையில் அறைக்குள் வரும்போது கண் அங்கே போய் மகிழ்கிறதா, இல்லை உறுத்துகிறதா என்று கவனியுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் ஒரு குறையும் இல்லை. இன்னும் ஓரடி வைக்க ஆசை என்றால் புத்தக அலமாரியின் முதுகுப் பலகைக்கு நிறத் தாள் ஒட்டுங்கள். புத்தகங்களுக்கு நடுவே நிறம் கீற்றுக் கீற்றாகத் தெரிவது முழுச் சுவரை விட எனக்குப் பிடிக்கும்.

சுவருக்குப் போகிறவர்களுக்கு

எந்தச் சுவர்? ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதால் அதைச் சுற்றியுள்ள நிறம் கறுத்துத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில்தான் நிறம் தன் முழு முகத்தைக் காட்டும். நீண்ட ஒடுக்கமான அறை என்றால் கடைசிச் சுவருக்கு அடியுங்கள். அது முன்னே வருவது போலத் தோன்றி நீளத்தைக் குறைக்கும். சின்னச் சதுர அறையில் முழுச் சுவருக்குப் பதிலாகக் கதவின் உட்பக்கமோ மாடமோ போதும்.

மெக்சிகோ நகரில் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகன் 1948இல் தனக்குக் கட்டிய வீட்டின் நுழைகூடத்தைப் படத்தில் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைச் சுவர்கள், தரையும் படியும் கறுத்த எரிமலைக் கல், ஒரு சுவர் மட்டும் ரோஜா நிறம். அந்த ஒரு சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்து வெள்ளையையும் லேசாகச் சிவக்க வைக்கிறது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த வீடு அது. இந்தத் தெறிப்பு உங்கள் வீட்டிலும் நடக்கும். ஒரு சுவருக்கு அடித்தாலும் கூரையும் பக்கச் சுவர்களும் கொஞ்சம் சாயம் ஏற்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஷேடு கார்டில் பிடித்ததை விட ஒரு படி மங்கியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

மாதிரி அட்டை இல்லாமல் பெயிண்ட் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டடி நீள அகலத்துக்கு ஒரு கெட்டி அட்டையை எடுத்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளை விட்டு, சின்ன டப்பா மாதிரிப் பெயிண்டை இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்த பிறகு அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, முதல் நாள் செய்த மாதிரி நான்கு வேளையும் பாருங்கள். சுவரிலேயே அடித்துப் பார்ப்பதை விட இது மேல். அட்டையை மூலைக்கும் கதவுக்கும் நகர்த்தலாம். பழைய சுவர் நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பாமல் அந்த வெள்ளை ஓரம் பார்த்துக்கொள்ளும்.

பெயிண்ட் விவரத் தாளில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள். விழும் வெளிச்சத்தில் எவ்வளவைச் சுவர் திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் அளவு அது. நல்ல வெள்ளை 80க்கு மேல் இருக்கும். அடர்சிவப்பு 10 பக்கம்தான் நிற்கும். அதாவது ஒரு சுவரைச் சிவப்பாக்கினால் அறையின் வெளிச்சம் கண்கூடாகக் குறையும், ஒரு விளக்கு கூடுதலாகத் தேவைப்படும்.

வெயில் நேராக அடிக்கும் சுவர் என்றால் மண்நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். காவி, செம்மண், துரு இவற்றின் நிறமி இரும்பு ஆக்சைடு, அது வெயிலுக்கு வெளுக்காது. பிரான்சின் லாஸ்கோ குகையில் சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய சிவப்பும் மஞ்சளும் இந்த இரும்பு மண்தான். பளீர் சிவப்புகளிலும் ஆரஞ்சுகளிலும் சில வகை நிறமிகள் வெயிலில் நிறம் இழக்கும், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிக்கும் முறை

பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் கீழே இருப்பதை மறைப்பதில் பலவீனமானவை. வெள்ளைச் சுவரில் நேராக அடித்தால் நாலைந்து கோட் ஆனாலும் திட்டுத் திட்டாக வெள்ளை எட்டிப்பார்க்கும். சிவப்புக்குக் கீழே சாம்பல் நிறப் பிரைமர் அடித்தால் இரண்டு மூன்று கோட்டில் முடிந்துவிடும். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். சுவரின் நீள உயரத்தைப் பெருக்கி, கோட் எண்ணிக்கையால் பெருக்கி, தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். வெவ்வேறு நாளில் கலந்த டப்பாக்களுக்குள் சின்ன வித்தியாசம் வரும், அடர்நிறத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு டப்பா வாங்கினால் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். சுவர் மேடு பள்ளமாக இருந்தால் பளபளப்பில்லாத மேட் பூச்சு, கை அடிக்கடி படும் இடம் என்றால் லேசாகப் பளபளக்கும் சாட்டின் பூச்சு.

ஓரக் கோடுதான் முழு வேலையின் முகம். மாஸ்கிங் டேப்பை ஒட்டி விரல் நகத்தால் விளிம்பை நன்றாக அழுத்துங்கள். அடுத்து உடனே சிவப்பை எடுக்காமல், பக்கத்துச் சுவரின் வெள்ளையைத் தொட்டு டேப் விளிம்பின் மேலே மெல்லியதாக ஒரு இழுப்பு இழுங்கள். டேப்புக்குக் கீழே நுழையக் கூடிய இடைவெளிகளில் அந்த வெள்ளை போய் அடைத்துக்கொள்ளும். வெள்ளை மேல் வெள்ளை என்பதால் தெரியாது. அது காய்ந்த பிறகு சிவப்பை அடியுங்கள். கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்கு முன்பே, இன்னும் தொட்டால் ஒட்டும் பதத்தில், டேப்பை நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து மெதுவாக உரியுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் பெயிண்ட் தோலும் சேர்ந்து வரும். பொறுமையாகச் செய்தால் கத்தியால் அறுத்த மாதிரி ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே நான் இந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை.

ஈரமாக இருக்கும்போதும் அடுத்த நாளும் நிறம் ஒன்றாக இருக்காது. முதல் ராத்திரியே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் கழித்து, பொருள்களை எல்லாம் திரும்ப வைத்த பிறகு பாருங்கள். குஷன், விரிப்பு, நாற்காலி என்று முன்பு சேர்த்த மூன்றில் ஒன்றை இப்போது வேறு அறைக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கலாம், சுவர் அதன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டிருக்கும்.

மிச்சப் பெயிண்டைத் தூக்கிப் போடாமல், ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி, ஷேடு எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, நிழலில் வையுங்கள். நாற்காலி முதுகு உரசிக் கீறல் விழும்போது அதுவே கைகொடுக்கும். தொட்டுப் பூச பிரஷ் வேண்டாம், அடர்நிற மேட் சுவரில் அதன் தடம் தனியாகத் தெரியும். சுவருக்கு எந்த ரோலரில் அடித்தீர்களோ அதே ரகத்தில் சின்னது ஒன்றை எடுத்து, கீறலின் மேல் லேசாக உருட்டி, ஓரத்தை வெறும் ரோலரால் ஒற்றி விடுங்கள்.